குழு வேலை என்றால் ஒருத்தி எழுத, நாலு பேர் பார்ப்பதா?

மூதூர் ரீச்சர் கேட்டது, மே 6

எனக்கு ஆசிரியத் தொழிலில் இது இரண்டாவது வருடம். தரம் 8 விஞ்ஞானம், 36 பிள்ளைகள். ஆசிரியர் வழிகாட்டியில் பாதிச் செயற்பாடுகள் குழுக்களாகப் பிரிப்பதில்தான் தொடங்குகின்றன. பிரிக்கிறேன். ஒருத்தி பெரிய டிமைத் தாளில் எழுதுகிறாள். மற்றதுகள் மாக்கர் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கின்றன. 40 நிமிடம் முடிந்து மணி அடிக்கிறது. நேற்றுப் பக்கத்து வகுப்பு ரீச்சர் தட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன, மீன் சந்தையா?” என்றார். உண்மையைச் சொல்லுங்கள். இது யாருக்காவது சரிவந்திருக்கிறதா, இல்லை வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஆள் வரும் நாளுக்கு மட்டும் போடுகிற நாடகமா?

உப்புவெளி மாஸ்டர், மே 6, இரவு

நாடகம்தான். 27 வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் சொல்கிறேன். மேற்பார்வைக்கு ஆள் வரும் நாளில் கதிரைகள் வட்டமாகும். வாகனம் கேற்றைத் தாண்டியதும் நேராகும். ஒருவரும் வராத ஒருநாள் கதிரையைத் திருப்பச் சொன்னேன். பின் வாங்கிலிருந்து ஒருவன் எழும்பி, “சேர், இண்டைக்கு ஆரு வாறாங்க?” என்று கேட்டான்.

பேசாமல் கரும்பலகையில் வடிவாகக் கீறிப் படிப்பியுங்கள்.

மே 7, காலை

இரவு எழுதியது கொஞ்சம் சூடுதான். அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

சூட்டுக்கு ஆதாரமும் இருக்கிறது. மக்ஸ் றிங்கல்மான் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர் 1913 இல் ஆட்களைக் கயிறு இழுக்க விட்டு அளந்து பார்த்தார். தனியே இழுக்கும்போது ஒருவருடைய பலம் 100 என்றால், இருவர் சேரும்போது தலைக்கு 93. மூவர் என்றால் 85. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது தலைக்கு 49. எட்டுப் பேர் இழுத்து நாலு பேருடைய வேலை!

என் பெரியப்பா நிலாவெளியில் கரைவலைச் சம்மாட்டியாக, அதாவது கரையில் நின்று பலர் கயிற்றால் இழுக்கிற வலையின் சொந்தக்காரராக, இருந்தவர். இந்தக் கணக்கு அவருக்குப் பிரான்ஸ் போகாமலே தெரியும். “கயிற்றைப் பிடிக்கிறவன் வேற, இழுக்கிறவன் வேற” என்பார். கயிற்றில் கையை வைத்தபடி ஊர்க்கதை சொல்லிக்கொண்டே பின்னால் நடக்கிற ஒருவர் எல்லா வலையிலும் இருப்பார். வலையின் மடி மீனோடு கரையேறியதும் பங்குக்கு முதல் ஆளாக நிற்பதும் அவர்தான். ரீச்சர், உங்கள் மாக்கர் மூடிக்காரர்கள் இந்த வம்சம்.

மே 7, மத்தியானம்

திருத்தம். 1913 என்பது அவர் எழுதியது வெளியான ஆண்டு. கயிறு இழுக்க விட்டது 1880களில். அவசரப்பட்டுவிட்டேன்.

மே 9

கிண்ணியாவிலிருந்து ஒரு நண்பர் ஒரே வரியில் கேட்டிருக்கிறார்: “எல்லாரும் பஞ்சிப்பட்டால் அம்பா எதுக்கு மாஸ்டர்?”

மாட்டிக்கொண்டேன். வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு உற்சாகத்துக்கு மட்டும் இல்லை. ‘ஏலேலோ’ விழுகிற இடத்தில் எல்லாக் காலும் ஒன்றாக மணலில் ஊன்றும், எல்லா முதுகும் ஒன்றாகச் சாயும். ஒருவன் இழுக்கிற நேரத்தில் மற்றவன் மூச்சு வாங்கினால் இரண்டு பேருடைய பலமும் வீண். றிங்கல்மானே பலம் குறைவதற்கு இதைத்தான் பெரிய காரணமாக நினைத்தார். நான்தான் முழுவதையும் பஞ்சிக் கணக்கில் போட்டேன்.

1974 இல் அமெரிக்காவில் அலன் இங்கம் என்பவரும் கூட்டாளிகளும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள். ஒருவருடைய கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்பக்கத்தில் நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் இழுப்பதுபோல் நடித்தார்கள், இழுக்கவில்லை. உண்மையில் இழுத்தது அந்த ஒருவர் மட்டும். ஆகவே தாளம் பிசகுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியும் பின்னால் ஆள் இருக்கிறது என்று நினைத்ததும் அவர் குறைவாகத்தான் இழுத்தார். ஆக பஞ்சியும் உண்மை, தாளமும் உண்மை.

1979 இல் பிப் லத்தானே குழுவினர் கயிற்றை விட்டுவிட்டுக் கைதட்டவும் கத்தவும் விட்டார்கள். அங்கேயும் கூட்டம் கூடக் கூட ஒவ்வொருவருடைய சத்தமும் குறைந்தது. பிறகு அதே ஆட்கள் இன்னொன்றும் செய்தார்கள்: கூட்டத்துக்குள்ளேயே உன் சத்தத்தைத் தனியாக அளக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். குறைவு மறைந்துவிட்டது.

இதை வாசித்த பிறகு என் பழைய டிமைத் தாள்களை நினைத்துப் பார்த்தேன். ஆறு பேருடைய பெயர் கீழே வரிசையாக இருக்கும். மேலே ஒரே கையெழுத்து. யாருடைய கயிறு எது என்று யாருக்குத் தெரியும்? நான் கொடுத்த வேலையே ஒருத்தி தனியாகச் செய்து முடிக்கக்கூடிய வேலை. அவள் செய்து முடித்தாள். மற்றவர்களைப் பஞ்சி பிடித்தவர்கள் என்று நான் ஏசினேன்.

மே 6 இல் எழுதிய ‘நாடகம்தான்’ என்பதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். மற்றப் பாதி நிற்கிறது.

மே 12

ரீச்சர் திரும்ப வந்து, “கதை எல்லாம் சரி, நாளைக்கு 36 பேரை என்ன செய்ய?” என்கிறார்.

முதலாவது, கதிரையைத் தொடாதீர்கள். எங்கள் வகுப்பில் கதிரை இழுத்து வட்டம் போட ஆறு நிமிடம், திரும்பப் போட நாலு நிமிடம். 40 இல் பத்துப் போய்விட்டது. முன் வாங்கில் இருக்கிற இரண்டு பேர் பின்பக்கம் திரும்பினால் நாலு பேர் குழு தயார். 36க்கு ஒன்பது குழு. ஐந்துக்கு மேல் போனால் ஒருவன் கட்டாயம் மூடிக்காரன் ஆவான்.

இரண்டாவது, சேர்வதற்கு முன் தனியாக விடுங்கள். மேரிலாந்தில் பிராங் லைமன் என்பவர் 1981 இல் சொன்ன முறை: முதலில் தனியே யோசி, பிறகு பக்கத்து ஆளோடு கதை, பிறகு வகுப்புக்குச் சொல். பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் முதல் இரண்டு நிமிடமும் வாய் திறக்காமல் கொப்பியில் ஒரு வரியாவது எழுதியிருந்தால்தான் கதைப்பதற்குக் கையில் ஏதாவது இருக்கும். வெறுங்கையோடு குழுவுக்குள் போகிற பிள்ளை கெட்டிக்காரி சொல்வதற்குத் தலையாட்டிவிட்டு வரும். நான் இந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்கப்போய்த்தான் கனகாலம் கெட்டேன்.

மூன்றாவது, இலக்கம். நாலு பேருக்கும் 1, 2, 3, 4 என்று இலக்கம் கொடுங்கள். கதைத்து முடித்ததும் ‘மூன்றாம் இலக்கங்கள் எழும்புங்கள்’ என்று கூப்பிடுங்கள். எந்த இலக்கம் வரும் என்று முதலே தெரியக்கூடாது. அப்போது கெட்டிக்காரி என்ன செய்வாள்? மூன்றாம் இலக்கத்தைப் பிடித்து உலுக்கி விளங்கப்படுத்துவாள். அவன் சொதப்பினால் குழுவே சொதப்பும். அந்த உலுக்கலுக்காகத்தான் இவ்வளவும்.

இந்த விஷயத்தில் பேர்போன இரண்டு பேர் மினசோட்டாப் பல்கலைக்கழகத்து டேவிட் ஜோன்சனும் ரோஜர் ஜோன்சனும், அண்ணன் தம்பி. கூடிக் கற்பதற்கு ஐந்து அம்சம் வேண்டும் என்பார்கள். எனக்கு முதல் இரண்டும் போதும்: நீ மூழ்கினால் நானும் மூழ்குவேன், ஆனால் உன் கணக்கை நீதான் காட்ட வேண்டும். மற்ற மூன்றும் பிறகு தானாக வரும் என்று நினைக்கிறேன். வராது என்று நினைக்கிறவர்கள் சண்டைக்கு வரலாம்.

சத்தத்துக்கு மருந்து இல்லை. பக்கத்து வகுப்பு ரீச்சருக்கு ஒருநாள் தேத்தண்ணி வாங்கிக் கொடுங்கள்.

மே 15

இன்றைக்குக் கச்சான் காற்று. ஒன்பது குழுவின் தாளும் யன்னலால் பறந்து மைதானத்தில் மேய்ந்தது. பொறுக்கப்போன பிள்ளைகள்தான் இந்த வருடத்திலேயே சிறந்த குழு வேலையைச் செய்தார்கள்: ஆளுக்கொரு திசை, ஒருவருக்கொருவர் கூவி அறிவித்தல், ஒரு தாளும் தவறவில்லை. புள்ளி போட மனம் வந்தது.

மே 16

வீட்டுக்குக் கொடுக்கிற குழு ஒப்படை பற்றி ஒருவர் கேட்டார். கொடுக்காதீர்கள். கொடுத்தால் குழுவில் வேலை செய்வது இரண்டு பேர்: ஒரு தாய், ஒரு கொமினிகேசன் கடைக்காரத் தம்பி. தாய் காசு கொடுப்பார், தம்பி இணையத்தில் தேடிக் கலரில் பிரிண்ட் எடுப்பார். நாலு குழுவிலிருந்து ஒரே படம், ஒரே எழுத்துப் பிழையோடு வந்தது என்னிடம். கரைவலைக்கே உழவு இயந்திரம் வந்த காலம், ஒப்படைக்கு வராதா?

மே 19

புதிர்த் துண்டு முறையைப் பற்றிக் கனபேர் கேட்கிறீர்கள். இது கொஞ்சம் நீளும்.

1971 இல் டெக்சாஸ் மாநிலம் ஓஸ்டினில் பாடசாலைகளில் இனப்பிரிப்பை நீக்கினார்கள். வெள்ளை, கறுப்பு, மெக்சிக்கப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில். ஒரே அடிதடி. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரைக் கூப்பிட்டார்கள். அவர் வகுப்பில் போய் இருந்து பார்த்தார். பிள்ளைகள் ஆசிரியருடைய கேள்விக்குக் கையைத் தூக்கிப் போட்டி போடுகிறார்கள். மற்றவன் பிழையாகச் சொன்னால் சந்தோசப்படுகிறார்கள். அவர் பாடத்தைத் துண்டுகளாக வெட்டிக் குழுவில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டைக் கொடுத்தார். மற்றத் துண்டுகள் வேண்டுமானால் அந்தப் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும். திக்கித் திக்கிப் பேசுகிற பிள்ளையைக் கேலி செய்தால் நட்டம் கேலி செய்தவனுக்கு. பரீட்சையில் அந்தத் துண்டும் வரும்.

நான் இதை உணவு நற்காப்பில் செய்தேன். 30 பிள்ளைகள், ஐந்து பேராக ஆறு குழு. உலர்த்தல், உப்பிடல், புகையூட்டல், குளிரூட்டல், சீனிப்பாகு என்று ஐந்து துண்டு. முதல் நாள் உப்பிடல்காரர் ஆறு பேரும் ஒரு மூலையில் கூடித் தங்கள் துண்டைப் படிப்பார்கள்; மற்றவர்களும் அப்படியே. அடுத்த நாள் தாய்க் குழுவுக்குத் திரும்பிப்போய் மற்ற நாலு பேருக்கும் படிப்பிப்பார்கள்.

அந்த வகுப்பில் ஒரு பையன். விடியற்காலையில் தகப்பனோடு கடற்கரைக்குப் போய்விட்டு வருவான். முதலாம் பாடவேளையில் நித்திரை. குழுவில் அவனைச் சேர்க்க ஒருவருக்கும் விருப்பமில்லை. தற்செயலாக அவனுக்கு விழுந்தது உப்பிடல். புத்தகத்தில் ‘உப்பு உணவிலுள்ள நீரை வெளியேற்றும், நுண்ணங்கிகள் வளர முடியாது’ என்ற அளவில் இரண்டு வரி. இவன் எழும்பி நின்று சொல்லத் தொடங்கினான்: குடலை எடுத்து, முதுகுப்பக்கத்தால் கீறி, கீறலுக்குள் உப்பை அடைத்து, அடுக்கி, மேலே பாரம் வைத்து, ஒரு இரவு விட்டு, பிறகு அலசி வெயிலில் போட வேண்டும். சதை தடித்த மீனுக்குக் கீறல் ஆழம், இல்லாவிட்டால் நடுவில் புழு வைக்கும். ஏன் நடுவில்? “அங்க தண்ணி மிச்சம் நிக்கும் சேர்.” பிரசாரணத்தை, அதாவது உப்புள்ள பக்கத்துக்குத் தண்ணீர் நகர்வதை, அவன் அப்படி விளங்கப்படுத்தினான். அந்தக் குழு வாயைத் திறந்தபடி இருந்தது. நானும்தான்.

இந்தக் கதையை ஆசிரியர் பயிற்சிகளில் பலதடவை சொல்லியிருக்கிறேன். கை தட்டுவார்கள். மீதிக் கதையை ஒருநாளும் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன். அடுத்த கிழமை கலம் பற்றிய பாடம். அவன் திரும்ப நித்திரை. குழு திரும்ப அவனை ஒதுக்கியது. கருவாடு பாடமாக வருவது வருடத்தில் ஒருநாள். மற்ற நாட்களில் அவனுக்கு என்ன துண்டு கொடுப்பது என்பதை நான் யோசிக்கவே இல்லை. முறை தன்பாட்டில் வேலை செய்யும் என்று விட்டுவிட்டேன். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னமே விலகிப்போனான்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. இரண்டாம் நாள் குளிரூட்டல்காரி ஒருத்தி வரவில்லை, காய்ச்சல். அந்தக் குழுவுக்குக் குளிரூட்டலே இல்லை. இப்போது ஒவ்வொரு துண்டையும் இரண்டு பேருக்குக் கொடுக்கிறேன், அல்லது ஒரே பாடவேளைக்குள் முடிகிற அளவுக்குச் சின்னதாக வெட்டுகிறேன்.

மே 20

“எல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பா?” என்று ஒருவருக்குக் கோபம். கோபத்துக்கு ஒரு பழைய கதை.

1789 இல் மதராஸ் எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிக்குப் பொறுப்பாக வந்தவர் அண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தன் ஆசிரியர்களிடம் இதைச் செய்யச் சொன்னார், அவர்களுக்குப் பிடிக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் சின்ன வகுப்பைக் கொடுத்தார். நடந்தது. 1797 இல் அதை லண்டனில் புத்தகமாகப் போட்டார். மதராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. எங்கள் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை செய்துகொண்டிருந்த வேலைதான் அது. எங்கள் பக்கத்தில் வாத்தியாரையே சட்டம்பியார் என்று கூப்பிடுவதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

மே 20, பின்னேரம்

பெருமை தீர்ந்தபிறகு யோசித்தால், சட்டாம்பிள்ளை வேலையும் குழு வேலையும் ஒன்றல்ல. சட்டாம்பிள்ளை கையில் பிரம்பு. அறிவு மேலிருந்து கீழே ஒரு பக்கமாகத்தான் வரும். அவன் கீழே இருப்பவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. நாங்கள் ‘குழுத் தலைவர்’ என்று ஒருத்தியை வைக்கிறோமே, அது சட்டாம்பிள்ளைதான், பிரம்பு இல்லாமல். இரண்டு வருடமாக நான் தலைவர் வைப்பதில்லை. இலக்கம் மட்டும்.

மே 26

பகிடி ஒன்று. ரொபேட் சிலேவின் என்ற அமெரிக்கர் ஒரு முறை சொன்னார்: குழுவாகப் படிக்கட்டும், சோதனை தனித்தனியே எழுதட்டும், ஒவ்வொரு பிள்ளையும் தன்னுடைய பழைய புள்ளியை எவ்வளவு தாண்டியதோ அதைக் கூட்டிக் குழுவுக்குப் பரிசு. 35 எடுக்கிற பிள்ளை 50 எடுத்தால், 90 எடுக்கிற பிள்ளையைவிடக் குழுவுக்கு லாபம். நல்ல யோசனை, மெல்லக் கற்கும் பிள்ளைக்குத் திடீரென்று மவுசு.

செய்து பார்த்தேன். முதல் சோதனையில் வகுப்பே படுத்துவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட 40, 45. எனக்கு நெஞ்சிடி. இரண்டாம் சோதனையில் எல்லாரும் 80, 90. விசாரித்தால், முதல் சோதனையில் குறைத்து எழுத வேண்டும் என்று இடைவேளையில் ஆறு குழுவும் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். கூடிக் கற்றல் நடக்கவில்லை என்று யார் சொன்னது?

யூன் 2

இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் இருந்தேன்.

கனகாலமாகக் குழு வேலைக்கு ‘பங்களிப்பு’ என்று ஐந்து புள்ளி போடுவேன். யார் கதைக்கிறார், யார் கதைக்கவில்லை என்று சுற்றிப் பார்த்துப் போடுவது. ஒரு பிள்ளைக்கு மூன்று தவணையும் 5க்கு 2. கதைக்கவே மாட்டாள். பெற்றோர் கூட்டத்தில் தாய் வந்தார். ஏசவில்லை. “வீட்டிலயும் அவ கதைக்கிற குறைவு சேர். ஆனா தம்பிக்கு இந்தப் பாடமெல்லாம் படிச்சுக் குடுக்கிறது அவதான்” என்றார், அவ்வளவுதான்.

அவளுடைய கொப்பியை வாங்கிப் பார்த்தேன். குழு வகுப்பில் எழுதிய ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில், பென்சிலால் சின்னதாக, சரியான விடை. குழு பிழைவிட்ட இடமெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சொல்ல இடம் கிடைக்கவில்லை; அல்லது சொல்லி எடுபடவில்லை. நான் அளந்தது வாயின் சத்தத்தை. மே 9 இல் ஒவ்வொருவருடைய சத்தத்தையும் தனியாக அளப்பதைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டேன், எதை அளப்பது என்று யோசிக்கவில்லை.

பங்களிப்புப் புள்ளியை அன்றோடு விட்டேன். இப்போது அந்த முதல் இரண்டு நிமிடக் கொப்பியைப் பார்க்கிறேன், கடைசியில் ஐந்து நிமிடத் தனிச் சோதனை. இடையில் எப்படிக் கதைத்தார்கள் என்பது அவர்கள் பாடு. இலக்கம் கூப்பிடும்போது அவளைப் போன்ற பிள்ளை எழும்பி நின்று தவித்தால், பலகையில் எழுதலாம் என்று ஒரு சலுகை.

யூன் 8

ரீச்சர் கன்னியா வெந்நீரூற்றுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறார். போங்கள். குழு வேலைக்கு இராவணன் வெட்டி வைத்ததுபோல் ஏழு சதுரக் கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு வேறு. ஏழு குழு, ஆளுக்கொரு கிணறு. ஒரு குழுவிடமும் முழு விடை இருக்காது. ஏழு பேருடைய இலக்கத்தையும் சேர்த்தால்தான் அட்டவணை.

நான் ஒருதடவை போனது சிங்கள மொழிமூலப் பிள்ளைகளும் சேர்ந்து வந்த ஒரு முகாமோடு. ஒரு குழுவில் இரண்டு பக்கத்துக்கும் மற்றவருடைய மொழி பத்துச் சொல்லுக்கு மேல் இல்லை. எங்கள் பையன் வெப்பமானியைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்து வாசிக்கப் போனான். சிங்களப் பிள்ளை ஒருத்தி “எப்பா! எப்பா!” (வேண்டாம்! வேண்டாம்!) என்று கத்தி அவன் கையைப் பிடித்துத் திரும்பத் தண்ணீருக்குள் அமுக்கினாள். வெளியே எடுத்தால் காற்றில் அளவு இறங்கிவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் கோபத்தோடு குனிந்து, மூக்குத் தண்ணீரில் முட்ட முட்ட வாசித்தான். மற்ற ஆறு குழுவும் வெளியே எடுத்துத்தான் வாசித்திருந்தன. திரும்ப அந்த ஆறு கிணற்றையும் அளக்க வேண்டியதாகப் போய்விட்டது, மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு.

காலையிலேயே போய்விடுங்கள், சனம் குளிக்க வந்தால் வாளியும் வெப்பமானியும் மோதும். உங்கள் ஆய்வுகூடத்தில் வெப்பமானி எத்தனை உடையாமல் இருக்கிறது? என்னிடம் மூன்று இருக்கிறது, மூதூர் பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன். பழைய துணியில் சுற்றித் திருப்பி அனுப்புங்கள். எண்ணிக்கை குறைந்தால் எந்தக் குழு என்று கேட்பேன்.